போர்டு கேம் ஒன்றை அச்சுக்குக் கொடுக்கும் முன்: சேலத்திலிருந்து ஓர் அனுபவம்

சொந்தமாக ஒரு போர்டு கேம் உருவாக்கி, அச்சிட்டு, பெட்டியில் போட்டு நாலு பேருக்கு விற்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நான் அந்த வழியில் தனியாகப் போய் வந்தவள். கையிலிருந்து போனது கிட்டத்தட்ட இரண்டு லட்சம் ரூபாய். திரும்பி வந்தது அதில் பாதிக்குச் சற்று மேல். அதற்கும் மேலே இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள். விளையாட்டை எப்படி யோசிப்பது, விதிகளை எப்படி அமைப்பது என்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் ஏராளமாகக் கிடைக்கிறது. ஆனால் நம் ஊர் அச்சகத்தில் என்ன கேட்க வேண்டும், மழைக்காலத்தில் அட்டை என்ன ஆகும், கடைக்காரர் எவ்வளவு கமிஷன் பிடிப்பார் என்பதைச் சொல்ல எனக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை. சேலத்தில் இதைச் செய்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

நான் செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தவர். பள்ளி விடுமுறை முழுக்க எனக்கு மலையில்தான் கழியும். மழை பிடித்துக்கொண்டால் வெளியே போக முடியாது. தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் என்று நாள் ஓடும். பல வருடம் கழித்து மகனுக்காக ‘கேட்டான்’ (Catan) என்ற போர்டு கேமை வாங்கினோம். 1995இல் ஜெர்மனியில் வந்தது. மரம், செங்கல், கோதுமை என்று ஏதோ ஒரு தீவின் பொருட்களைக் கைமாற்றி ஆடிக்கொண்டிருந்தபோது, நம் சேர்வராயன் மலையை வைத்து ஏன் இப்படி ஒன்று செய்யக்கூடாது என்று தோன்றியது. மார்ச், ஏப்ரலில் பெய்கிற ஒரு நல்ல மழைக்காகக் காத்திருக்கும் செடிகள். மழை பெய்த பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூப்பது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழம் பறிப்பது. தண்டுத் துளைப்பான் விழுந்த செடியைப் பிடுங்கி எரிப்பது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடியை ஏற்றிவிட்டு, காப்பி கைவிட்ட வருடத்தில் மிளகால் பிழைப்பது. கடைசியில் மூட்டைகளை லாரியில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்குக் கொண்டு வருவது. இதில் காத்திருப்பு, அதிர்ஷ்டம், துணிந்து எடுக்கும் முடிவு என்று ஒரு விளையாட்டுக்குத் தேவையான எல்லாம் இருந்தது. ‘இருபது வளைவு’ என்று பெயர் வைத்தேன். கேட்டானை உருவாக்கிய கிளாஸ் டொய்பர், செயற்கைப் பல் செய்யும் தொழிலில் இருந்துகொண்டே ஓய்வு நேரத்தில் விளையாட்டுகளை உருவாக்கி, குடும்பத்தாரோடு ஆடிப் பார்த்தவர் என்று படித்தேன். அது எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

முதல் மாதிரிக்குப் பணமே செலவழிக்காதீர்கள். அழைப்பிதழ் அடிக்கும் கடைகளில் விசிட்டிங் கார்டு அளவுக்கு வெட்டி மிஞ்சிய வெற்று அட்டைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். பலகைக்கு ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கம் போதும். காய்களுக்குப் புளியங்கொட்டை, சோழி, சட்டைப் பொத்தான். எழுதுவதைப் பென்சிலில் எழுதுங்கள். படம் வரைந்து அழகுபடுத்த வேண்டாம் என்பதை அழுத்தியே சொல்கிறேன். அழகாக இருக்கும் அட்டையைக் கிழித்துப் போட யாருக்கும் மனம் வராது. ஆடிப் பார்க்கிறவர்களும் அழகைப் பார்த்துவிட்டுக் குறை சொல்லத் தயங்குவார்கள். பென்சில் கிறுக்கலைப் பார்த்தால் கூச்சமில்லாமல் ‘இந்த விதி வேண்டாம்க்கா’ என்பார்கள். அந்தப் பேச்சுதான் நமக்கு வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி கணக்குதான். லாரியை நகர்த்தத் தாயக்கட்டையை வைத்திருந்தேன். நம் ஊர் விளையாட்டு, அதனால் நம் ஊர்க் கட்டை. தாயம் விழுந்தால்தான் லாரி தோட்டத்தை விட்டுக் கிளம்பும் என்பது விதி. வீட்டில் ஆடியபோது, ஒருவர் மூன்றாவது வளைவு தாண்டியிருப்பார், இன்னொருவர் தாயம் விழாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏன் இப்படி என்று ஒரு நாள் தாளில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டையிலும் நாலு பக்கம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டைக்கும் சேர்த்து 16 விதமாக விழலாம். அதில் கூட்டினால் ஒன்று வருவது, அதாவது தாயம், இரண்டே விதம். அதாவது எட்டு முறை உருட்டினால் சராசரியாக ஒரு முறை. சில எண்களுக்குக் கிடைக்கும் மறு உருட்டலை விட்டுவிட்டுப் பார்த்தால், ஐந்து முறை உருட்டியும் தாயம் விழாமல் போக 51 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பாதிப் பேர் ஐந்து சுற்று சும்மா உட்கார்ந்திருக்கிற விளையாட்டு அது. திண்ணையில் மத்தியானம் முழுக்க ஆடும் தாயத்தில் அந்தக் காத்திருப்பே ஒரு சுவை. முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டிய விளையாட்டில் அது கொடுமை. தாயம் விழாவிட்டாலும் ஒரு மிளகு அட்டையைக் கட்டிவிட்டு லாரியைக் கிளப்பலாம் என்று மாற்றினேன். காத்திருப்பதா, மிளகை விடுவதா என்று ஒரு முடிவெடுக்க வேண்டிய இடமாக அது ஆகிவிட்டது. அந்த ஒரு மாற்றத்தில் விளையாட்டுக்கு உயிர் வந்ததைக் கண்ணால் பார்த்தேன். நீங்கள் எந்தக் கட்டையை வைத்தாலும், அதில் எது எத்தனை முறை விழும் என்று முதலில் தாளில் எழுதிப் பாருங்கள். சாதாரண ஆறு பக்கப் பகடை இரண்டு என்றால் 36 விதம். அதில் ஏழு விழுவது ஆறு விதம், இரண்டும் பன்னிரண்டும் தலா ஒரே விதம். இந்த வித்தியாசத்தின் மேல்தான் நம் விளையாட்டு நிற்கிறது.

அடுத்தது ஆடிப் பார்ப்பது. சொந்தக்காரர்கள் ‘சூப்பரா இருக்கு’ என்பார்கள். பாசத்தில் சொல்வது அது. அதை வைத்து ஒரு பைசாகூடச் செலவழிக்கக் கூடாது. முகம் தெரியாதவர்கள் வேண்டும். சித்தப்பா மகன் ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துகிறான். மழை நாளில் அங்கே தங்க வந்தவர்களுக்கு வெளியே போக வழியிருக்காது. அவர்களிடம் கேட்டால் சந்தோஷமாக உட்கார்ந்தார்கள். கீழே சேலத்தில் கல்லூரி விடுதிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, தட்டுவடை செட் வாங்கி வைத்து ஆடச் சொன்னேன். (தட்டுவடை தின்ற கையோடு அட்டையைத் தொட்டால் என்ன ஆகும் என்பதும் அன்றைக்குத் தெரிந்தது. அட்டைக்கு லேமினேஷன் கட்டாயம் என்று எழுதி வைத்துக்கொண்டேன்.)

இதில் மிக முக்கியமானது, விதிப் புத்தகத்தை மட்டும் கொடுத்துவிட்டு நாம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பது. பெட்டியோடு நாம் எல்லார் வீட்டுக்கும் போகப் போவதில்லையே. முதல் தடவை இது எனக்கு மூச்சு முட்டியது. ‘பழம் பறித்தபின் அட்டை எடுக்கவும்’ என்று எழுதியிருந்தேன். எனக்கு அது பளிச்சென்று இருந்தது. ஒருவர் மொத்தமாக ஒரு அட்டை எடுத்தார், இன்னொருவர் பறித்த ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு அட்டை எடுத்தார். இரண்டு பேரும் சரியாகத்தான் படித்திருந்தார்கள். சொல்லித் தரத் துடித்த நாக்கை அடக்கிக்கொண்டு, அவர்கள் எங்கே புத்தகத்தைத் திரும்பப் புரட்டுகிறார்கள், எப்போது ஒருவர் கை செல்போனுக்குப் போகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டேன். ஆட்டம் முடிந்ததும் ‘நல்லா இருந்துச்சா’ என்று கேட்காதீர்கள். ‘அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் எந்த இடத்தில் இருந்தீர்கள்? எந்தச் சுற்றில் சலிப்பாக இருந்தது?’ என்று கேளுங்கள். அப்போதுதான் உபயோகமான பதில் வரும்.

அப்படி ஆடிய ஒரு பையன் காப்பிக் காயையும் பழத்தையும் மாற்றி மாற்றி எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். கவனக்குறைவு என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். பிறகு மெதுவாகச் சொன்னான், அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியுமாம். காப்பி விளையாட்டில் பச்சைக் காய்க்கும் சிவப்புப் பழத்துக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் ஆடவே முடியாது. ஆண்களில் இந்தக் குறை இருப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். அன்றிலிருந்து காய்க்கு வெறும் வட்டம், பழத்துக்கு உள்ளே கோடு போட்ட வட்டம் என்று வைத்தேன். நிறத்தை மட்டும் நம்பி எதையும் வேறுபடுத்தாதீர்கள். கூடவே ஒரு வடிவமோ குறியோ வையுங்கள். அந்தப் பையன் மறுபடி வந்து ஆடி ஜெயித்தான். என்னைவிட அவனுக்குத்தான் அன்று சந்தோஷம் அதிகம்.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. செலவு என்று பார்த்தால் ஓவியருக்குக் கொடுத்த 25,000 ரூபாய் மட்டும். பிறகுதான் அச்சு.

அச்சில் இரண்டு வழி. டிஜிட்டல் என்றால் ஐம்பது பெட்டிக்கும் அடிக்கலாம். ஒன்றுக்கு ஆகும் செலவு கூடுதல். ஆஃப்செட் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் பிளேட் செய்ய வேண்டும். அந்தச் செலவு நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் ஒன்றுதான். அதனால் அச்சகத்தார் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நூறு கேட்டுப் போன என்னிடம் முந்நூறு அடித்தால் ஒன்று 410 ரூபாய்க்கு முடியும் என்றார்கள். வெளியூரில் ஒரு அச்சகம், பெயர் வேண்டாம். மொத்தம் 1,23,000. அதில் எழுபது சதவீதம் முன்பணம், மீதி லாரியில் ஏற்றும் முன். என் செயினை அடகு வைத்து முன்பணத்தைக் கட்டினேன். வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, உற்சாகமாகவும் இல்லை. அந்த மௌனம் எனக்குள் ஒரு மூலையில் கனத்துக்கொண்டே இருந்தது.

பெட்டிகள் மழைக்காலத்தில் வந்து இறங்கின. முதல் பெட்டியைத் திறந்தபோது நெஞ்சு படபடத்தது உண்மை. திரையில் பளபளத்த மலையின் பச்சை, காய்ந்த இலை நிறத்தில் மங்கிப் போயிருந்தது. கம்ப்யூட்டர் திரை காட்டுவது ஒளி. அச்சு மையில் அந்தப் பச்சையே கிடையாது. படத்தின் ஃபைலைத் திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில் கொடுத்தால், அச்சுக்கான சிஎம்ஒய்கே மைக்கு மாறும்போது பச்சையும் ஆரஞ்சும்தான் முதலில் சாகும். ஓவியரிடம் தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கேயில் வேலை செய்யச் சொல்லுங்கள். உண்மையான தாளிலேயே ஒரு நகல் எடுத்துப் பார்க்காமல் ‘சரி’ என்று கையெழுத்துப் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வருகிற படத்தைப் பார்த்து நிறத்தை ஒப்புக்கொள்வதில் அர்த்தமே இல்லை. படம் வெட்டுக்கோட்டைத் தாண்டி நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் நீண்டிருக்கட்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும்.

நிறம் போனால் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து பலகைகள் அப்பளம் போல வளைந்து நின்றன. எல்லாமே. இரண்டு மில்லிமீட்டர் கிரே போர்டின் (சாம்பல் நிறத் தடித்த அட்டை) ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்ட தாளை ஒட்டியிருந்தார்கள். பசையின் ஈரத்தில் தாள் விரியும், காயும்போது சுருங்கும், சுருங்கும்போது அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். பின்பக்கமும் ஒரு தாளை ஒட்டியிருந்தால் இரண்டு பக்க இழுப்பும் சமமாகிப் பலகை நேராக நிற்கும். இது அச்சுத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயமாம். எனக்கு எப்படித் தெரியும்? அச்சகம் தந்த கொட்டேஷனில் ‘கிரே போர்டு, ஒட்டுதல் உட்பட’ என்று ஒரே வரிதான் இருந்தது. அதில் ஒட்டுவது எத்தனை பக்கம் என்று இல்லை. தாளின் பெயர், எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), அட்டையின் தடிமன், இரு பக்கமும் ஒட்டு, எந்த லேமினேஷன், எத்தனை மடிப்பு என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள்.

பலகையைவிட மோசமானது அட்டைக்கட்டு. என் விளையாட்டில் 60 அட்டைகள். அவை இரண்டு தனித்தனித் தாளில், இரண்டு தனித்தனி நாளில் அச்சாகியிருந்தன. ஒரு தாளின் முதுகு கொஞ்சம் அடர்த்தி, மற்றதன் முதுகு கொஞ்சம் வெளிர். பார்வைக்குச் சின்ன வித்தியாசம். ஆனால் மழை அட்டைகள் எல்லாம் வெளிர் தாளில் இருந்தன. கட்டின் மேலே இருப்பது மழையா இல்லையா என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். மழைக்காகக் காத்திருப்பதுதான் விளையாட்டே. அது தெரிந்துவிட்டால் ஆட ஒன்றுமில்லை. இதை முதலில் கண்டுபிடித்தவன் என் மகன். ‘அம்மா, அடுத்தது மழை’ என்று சொல்லிவிட்டுப் புரட்டினான். மழைதான். இன்னொன்றும் சொன்னான். அதுவும் மழைதான். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். நான் சமையலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அச்சகத்துக்குப் போன் செய்தேன். ‘வீட்ல விளையாடறதுதானே மேடம், இதையெல்லாம் யாரு பார்க்கப் போறாங்க? அடுத்த தடவை அடிக்கும்போது சரி பண்ணிடலாம்’ என்றார் அவர். பணம் முழுவதும் அவர் கைக்குப் போய்விட்டது. என்னிடம் பிடி எதுவும் இல்லை. பல முறை பேசியும் ஒரு ரூபாய் குறையவில்லை. அந்த வாரங்களில் பட்டறையில் கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே கை நடுங்கியது. மற்றவர்களின் பைசாவுக்குக் கணக்கு வைக்கிற எனக்கு, என் பணத்தைக் காப்பாற்ற வழி தெரியவில்லையே என்ற வருத்தம் இன்றும் முழுதாகப் போகவில்லை. உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். கடைசி இருபது சதவீதத்தை, பெட்டிகள் வீட்டுக்கு வந்து, அங்கங்கே சிலவற்றைப் பிரித்து எண்ணிப் பார்த்த பிறகுதான் தருவேன் என்று முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். இதற்கு ஒத்துவராத அச்சகத்தை விட்டுவிடுங்கள். அதைவிட முக்கியம், மொத்தமும் அடிக்கும் முன் அதே தாள், அதே அட்டை, அதே பசையில் ஒரே ஒரு முழுப் பெட்டி செய்து வாங்குங்கள். அதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்டாலும் கொடுங்கள். அது உங்கள் வீட்டில் பத்து நாள் திறந்தபடி கிடக்கட்டும், முடிந்தால் மழைக்காலத்தில். நான் இப்போது மாதிரிகளை ஏற்காட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். அங்கே மூடுபனியில் ஒரு வாரம் நேராக நின்ற பலகை எங்கேயும் நிற்கும்.

பிறகு சரிசெய்த கதை. அட்டைகளை முழுவதும் சேலத்திலேயே மறுபடி அடித்தேன், 34,000 ரூபாய். பலகைகளுக்குப் பின்பக்கம் தாள் ஒட்டி, ஒரு நோட்டு பைண்டிங் கடையில் அழுத்தி வைத்து எடுத்தோம். தாளுக்கும் கூலிக்கும் 9,000. அந்த பைண்டிங் கடை அண்ணன்தான் எனக்கு அச்சுத் தொழிலில் பாதியைக் கற்றுக்கொடுத்தவர். அவரிடம் முதலிலேயே போய் ஒரு டீ குடித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே வந்திருக்காது. உங்கள் ஊரில் கண்டிப்பாக அப்படி ஒருவர் இருப்பார். நோட்டு, டைரி, ஆல்பம் செய்கிறவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

அவர் சொல்லித்தான் ஒரு கணக்கு புரிந்தது. சாதாரணச் சீட்டு அளவு 63க்கு 88 மில்லிமீட்டர். வெட்டுக்கு இடம் விட்டு அடுக்கினால், 12க்கு 18 அங்குல டிஜிட்டல் தாளில் 18 அட்டை பிடிக்கும். ஆக, 54 அட்டை என்றால் சரியாக மூன்று தாள். 60 என்றால் நான்காவது தாளில் பன்னிரண்டு இடம் வீண், அதோடு வெட்டுக்கூலி, அதோடு இன்னொரு தாளின் நிற வித்தியாசம். மறு அச்சில் ஆறு அட்டைகளைக் குறைத்தேன். எவை போயின என்று ஆடுகிற யாருக்கும் தெரியவில்லை. எத்தனை அட்டை, எத்தனை காய், எவ்வளவு பெரிய பலகை என்று நாம் மேசையில் உட்கார்ந்து யோசிக்கிற அந்த நாளிலேயே செலவு முடிவாகிவிடுகிறது. அச்சகத்தில் பேரம் பேசிக் குறைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அட்டையின் முதுகுக்கு மெல்லிய வெள்ளை பார்டர் வைக்காதீர்கள் என்றும் அவர் சொன்னார். வெட்டு அரை மில்லிமீட்டர் தள்ளினாலும் ஒரு பக்கம் தடித்து அடையாளம் காட்டிக்கொடுத்துவிடும். ஓரம் வரை நிறைந்த கோலம் மாதிரியான டிசைன்தான் பாதுகாப்பு.

சட்ட விஷயம் கொஞ்சம். யாராவது திருடிவிடுவார்களோ என்று ஒரு வருடம் யாரிடமும் காட்டாமல் மறைத்து வைத்திருந்தேன். அந்தப் பயம் தேவையில்லை. அமெரிக்காவில் எலிசபெத் மேகி தன் நிலக்கிழார் விளையாட்டுக்கு 1904இல் காப்புரிமை வாங்கினார். மோனோபோலிக்கு மூலம் அதுதான். இந்தியாவில் அந்த வழி கிடையாது. 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3, விளையாடும் முறைக்குக் காப்புரிமை இல்லை என்று தெளிவாகவே சொல்கிறது. நம் படங்களுக்கும் விதிப் புத்தகத்தின் எழுத்துக்கும் பதிப்புரிமை உண்டு. விளையாட்டின் பெயருக்கு வேண்டுமானால், விளையாட்டுப் பொருட்களுக்கான 28ஆம் வகுப்பில் டிரேட்மார்க் போடலாம். ஓவியரிடம் மட்டும், படத்தின் உரிமை யாருக்கு, மறு அச்சுக்கு மறுபடி பணமா என்று எழுதி வாங்கிவிடுங்கள். இன்னொன்று, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். சோதனைக்கூடம், உரிமம் என்று அது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய செலவு. உங்கள் விளையாட்டு யாருக்கானது என்பதைப் பெட்டியில் வயது போடும் முன்னால், விளையாட்டை வடிவமைக்கும்போதே தீர்மானியுங்கள். சந்தேகம் இருந்தால் தெரிந்தவரிடம் கேளுங்கள். பெட்டியின் மேல் எம்ஆர்பி, தயாரித்தவர் பெயர், முகவரி, மாதம், வருடம், புகார் சொல்ல ஒரு தொடர்பு ஆகியவையும் இருக்க வேண்டும். என் பெட்டிகளில் இதற்கு இடமே விடவில்லை. முந்நூறு ஸ்டிக்கர் நாங்களே ஒட்டினோம்.

விலைக்கு வருகிறேன். ஓவியம், அச்சு, மறு அச்சு, பலகை வேலை, லாரி வாடகை எல்லாம் சேர்ந்து 1,98,000 ஆனது. பெட்டி ஒன்றுக்கு 660. எம்ஆர்பி 850 வைத்தேன். அதற்கு மேல் வைத்தால் நம் ஊரில் வாங்க யோசிப்பார்கள். கடைக்காரர் கேட்பது நாற்பது சதவீதம். கைக்கு வருவது 510. கடையில் விற்ற ஒவ்வொரு பெட்டியிலும் எனக்கு 150 ரூபாய் நட்டம். ஒன்றும் கெடாமல் எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தாலும் பெட்டி 510 ரூபாய் அளவில்தான் வந்து நின்றிருக்கும். அப்போதும் கடை விற்பனையில் மிச்சம் பூஜ்யம்தான். தயாரிப்புச் செலவைப் போல நான்கைந்து மடங்கு விலை வைப்பது வெளிநாட்டு வெளியீட்டாளர்களின் வழக்கம். நம்மால் அது முடியாவிட்டாலும், இரண்டரை மடங்காவது வராத விளையாட்டைக் கடைக்குக் கொடுக்காதீர்கள். நேரடியாக மட்டும் விற்றுக்கொள்ளுங்கள். மே மாதம் ஏற்காட்டில் கூட்டம் அலைமோதும்போது ஹோம்ஸ்டே வாசலில் ஒரு மேசை போட்டு ஆடிக் காட்டி விற்றதுதான் எனக்குக் கைகொடுத்தது. ஒரு சுற்று ஆடியவர்களில் பலர் வாங்கினார்கள். பெட்டியை மட்டும் பார்த்தவர்கள் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள்.

கூரியர் இன்னொரு பாடம். அவர்கள் நிஜ எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வருவதையும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குகிறார்கள். என் பெட்டி 30க்கு 30க்கு 7. கணக்குப்படி 1.26 கிலோ. உள்ளே இருந்ததோ 850 கிராம், மீதி காற்று. அதே விளையாட்டை நாலாக மடிக்கும் பலகையோடு 22க்கு 22க்கு 5 பெட்டியில் அடக்கியிருந்தால் அரைக் கிலோவுக்குள் கணக்கு வரும். எடையையும் அதற்குத் தக்கபடி குறைக்க வேண்டும், பித்தளைத் தாயக்கட்டைக்குப் பதில் மரக்கட்டை போட்டாலே நிறையக் குறையும்.

இதுவரை கடை வழியாகவும் நேராகவும் 180 பெட்டி போல விற்றிருக்கிறது. செயினை மீட்டுவிட்டேன். அடுத்த விளையாட்டு சேலத்து மாம்பழ மண்டியை வைத்து. 54 அட்டைகள் மட்டும், பலகையே கிடையாது, ஐம்பது செட் டிஜிட்டல் அச்சு. இப்போது அது பென்சில் நிலையில் இருக்கிறது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அட்டைகளை எண்ணிக் கட்டும்போது அச்சகத்தில் நிச்சயம் பிசகும். எனக்கு வந்த கட்டுகளில் சிலவற்றில் ஒரே அட்டை இரண்டு முறை இருந்தது, வேறொன்று இல்லவே இல்லை. வாங்கியவர் போன் செய்து ‘மழை அட்டை ஒன்னு குறையுதுங்க’ என்று சொல்லும்போது அனுப்பிவைக்க நம்மிடம் இருக்க வேண்டும். அதனால் முந்நூறு பெட்டி அடித்தால் அட்டைக்கட்டு மட்டும் முந்நூற்று இருபது அடிக்கச் சொல்லுங்கள். அந்த இருபதையும் கட்டாமல் வகை வகையாகப் பிரித்து, பெயர் எழுதிய உறைகளில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் சின்னதாக வரிசை எண் போட்டுவிட்டால், எது குறைகிறது என்று அவர்களாலும் உடனே சொல்ல முடியும்.